மோட்டார் சைக்கிளுக்குக் கிடைத்த மாமனார்

தனியாக வாழ்கிறவனை ஏமாற்றுவது ரொம்பச் சுலபம். அவனைப் பேச விட்டால் போதும். இதை நான் யாரிடமும் கேட்டுத் தெரிந்துகொள்ளவில்லை. ஒரு மோட்டார் சைக்கிளைக் கொடுத்துத் தெரிந்துகொண்டேன்.

எண்பதுகளின் தொடக்கம், மலேசியா. சுங்காய் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்து வளர்ந்த நான், ஈப்போவில் ஒரு லோரிக் கம்பெனியில் குமாஸ்தாவாக இருந்தேன். அதே ஊரில், புந்தோங் பகுதியில் ஒரு பலகை வீட்டின் முன்பாதி எனக்கு வாடகைக்கு. பின்பாதியில் வீட்டுக்காரர் தன் பழைய சாமான்களைப் பூட்டி வைத்திருந்தார். (ஆக, சுவருக்கு அந்தப் பக்கம் எனக்கு இருந்த ஒரே துணை ஓர் உடைந்த தையல் மெஷின்.)

ஞாயிற்றுக்கிழமைகளில் மோட்டாரை எடுத்துக்கொண்டு அம்மாவைப் பார்க்கச் சுங்காய்க்குப் போவேன். அப்பா இறந்து, தோட்டத்தில் ரப்பரை வெட்டிச் சாய்த்துவிட்டுச் பாமாயிலுக்காகச் செம்பனை நட ஆரம்பித்ததும், அக்கா வந்து அம்மாவை ஜொகூருக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். அதன் பிறகும் பழக்கதோஷத்தில் ஞாயிறு காலையில் மோட்டாரைத் துடைப்பேன். துடைத்து முடித்ததும், அதற்குப் போக இடமில்லை என்பது நினைவுக்கு வரும். எனக்கும்தான்.

விற்றுவிடலாம் என்று முடிவு செய்து, தமிழ்ப் பத்திரிகை ஒன்றில் சிறு விளம்பரம் கொடுக்கப் போனேன். வீட்டில் டெலிபோன் கிடையாது. அதனால் முகவரியைப் போட்டு, 'ஞாயிற்றுக்கிழமை நேரில் வரவும். நாள் முழுவதும் வீட்டில் இருப்பேன்' என்று எழுதியிருந்தேன். விளம்பரம் வாங்கிய பெண், "கடைசி வரி தேவையில்ல லா, வீண் செலவு" என்றாள், எங்கள் ஊர்ப் பேச்சின் 'லா' போட்டு. இருக்கட்டும் என்றேன். மோட்டார் வாங்க வருகிறவர்கள் கொஞ்ச நேரம் உட்கார்ந்து பேசிவிட்டுப் போவார்கள் என்ற ஆசையை அவளிடம் எப்படிச் சொல்வது?

ஆபீஸில் எங்கள் தலைமைக் குமாஸ்தா கனகசபை, யாழ்ப்பாணத்துக்காரர். விஷயம் கேள்விப்பட்டதும் பேனாவை மூடி வைத்தார். அவர் பேனாவை மூடினால் அறிவுரை நீளும் என்று அர்த்தம்.

"தம்பி, ஒருத்தரையும் தனிய ஓடிப் பாக்க விடாதையும். நீரும் பின்னால ஏறி இரும். காசு கையில வரும்வரைக்கும் மோட்டார் கார்டைக் கண்ணிலயும் காட்டக் கூடாது. வாறவற்ற அடையாளக் கார்டை முதல்ல வாங்கிப் பாரும். பேரம் பேசாதவன் வந்தால் அவனை வாசலோட அனுப்பிப் போடும். வாங்க வாறவன் பேரம் பேசுவான். களவெடுக்க வாறவன் ஏன் பேசப் போறான்?"

எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். நான் நன்றாகத் தலையாட்டுவேன்.

அந்த ஞாயிறு விடிந்ததும் வீட்டைக் கூட்டினேன். பிஸ்கட் வாங்கினேன். எதிர்வீட்டு அஞ்சலை அக்காவிடம் நாற்காலிகள் இரவல் வாங்கி முன்னறையில் வரிசையாகப் போட்டேன். "பொண்ணு பாக்க வாராங்களா தம்பி?" என்று அக்கா கேட்டார். மோட்டார் பார்க்க வருகிறார்கள் என்றேன். நாற்காலிகளை ஒருமுறை எண்ணிப் பார்த்துவிட்டு அவர் போய்விட்டார்.

வெயில் ஏறும்வரை யாரும் வரவில்லை. பிஸ்கட்டில் பாதியை நானே தின்றிருந்தேன். அப்போதுதான் வாசலில் ஒரு குரல்.

"அண்ணே, மோட்டர் விக்கிறது நீங்கதானே?"

நீளக்கை சட்டை, படிய வாரிய தலை, பாலன் என்று பேர் சொன்னார். கேட்டுக்கு வெளியே, கையில் ஒரு சாக்குப் பையோடு பெரியவர் ஒருவர் நின்றிருந்தார்.

"அது என் மாமனாரு. பீடோர்லேர்ந்து வந்திருக்காரு. காது சுத்தமா கேக்காது. கொஞ்சம் சத்தமா பேசணும், கோச்சுக்காதீங்க" என்றார் பாலன். பிறகு, "விளம்பரத்துல நாள் முழுக்க வீட்ல இருப்பேன்னு போட்டிருந்தீங்களே, படிச்சதும் நல்ல மனுசன்னு தெரிஞ்சிருச்சு" என்றார்.

நான் அங்கேயே விழுந்துவிட்டேன்.

மோட்டாரைச் சுற்றி வந்தார். டயரைத் தட்டினார். விலையைச் சொன்னேன். "சரிண்ணே" என்றார். அவ்வளவுதான். பேரமே இல்லை. (கனகசபை என் மனசுக்குள் பேனாவை மூடும் சத்தம் கேட்டது. கேட்காத மாதிரி இருந்துவிட்டேன்.)

"செமோர்ல வீட்டுக்காரிகிட்ட ஒருவாட்டி காட்டிட்டு, காசோட வந்துர்றேன். மாமனாரு இங்கயே இருக்கட்டும். மாமனார விட்டுட்டு ஓடுற மருமகன் உண்டாண்ணே?"

இருவரும் சிரித்தோம். (உண்டு.)

அதன் பிறகு நான் செய்தவற்றை வரிசையாகச் சொல்ல இன்றைக்கும் கூச்சமாக இருக்கிறது. வழியில் போலீஸ் மறித்தால் சிரமம் என்று, வண்டி யாருடையது என்பதற்கு அத்தாட்சியான மோட்டார் கார்டைக் கொடுத்தேன். தலையில் சரியாக உட்கார்கிறதா என்று பார்த்து ஹெல்மெட்டை மாட்டிவிட்டேன். மேகமாக இருந்ததால் மழைக்கோட்டும் கொடுத்தேன். எஞ்சின் கிளம்ப அடம் பிடித்தது. பின்னாலிருந்து தெருமுனைவரை தள்ளிவிட்டேன். கிளம்பியதும் மூச்சு வாங்க, "பின் பிரேக் கொஞ்சம் லூசு, பாத்துப் போங்க!" என்று கத்தினேன். திருடன் பத்திரமாகப் போய்ச் சேரவேண்டுமே!

கிளம்புவதற்கு முன் அவர் கேட்டருகே போய்ப் பெரியவரிடமும் ஏதோ சொல்லிவிட்டுத்தான் போனார்.

திரும்பி வந்து பெரியவரை உள்ளே அழைத்து நாற்காலியில் உட்கார வைத்தேன். வீராசாமி என்று பேர். சாக்குப் பைக்குள்ளிருந்து ஒரு கோழி தலையை நீட்டிப் பார்த்தது.

"கவலப்படாதீங்க! இப்ப வந்துருவாரு!" என்று கத்தினேன்.

அவர் திடுக்கிட்டு, என்னைவிடச் சத்தமாகக் கத்தினார். "வந்துருவான்! வந்துருவான்! பாத்து ரொம்ப நாளாச்சு!"

(காலையில் சேர்ந்துதானே வந்தார்கள்? மருமகன் மேல் இவ்வளவு பாசமா!)

"நல்ல மனுசன்! வெலையே பேசல!"

"என்னா வெலை?"

"மோட்டர் வெலை!"

"அவன்கிட்ட ஏது மோட்டர்? அவன் லோரில்ல ஓட்டுறான்!"

"கோழி அவருக்கா?"

"அவனுக்குத்தான்! சின்னப் புள்ளையிலேர்ந்து காலுதான் திம்பான்!"

(சொந்தத்திலேயே கட்டிக்கொடுத்திருப்பார்கள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.)

உண்மையைச் சொன்னால், எனக்கு அது சந்தோஷமான நேரம். அந்த வீட்டில் அதுவரை அவ்வளவு சத்தம் எழுந்ததில்லை. தோட்டத்தைப் பற்றிக் கத்தினோம். மழையைப் பற்றிக் கத்தினோம். அவர் பால் மரம் வெட்டிய கதையை, ரப்பர் மரத்தைச் சீவிப் பால் எடுத்த கதையை, கத்திச் சொன்னார். தேநீர் போட்டு, சர்க்கரை போதுமா என்று கத்தினேன். மதியம் ஆகிவிட்டது என்பதே எனக்கு உறைக்கவில்லை.

கடைசியில் அஞ்சலை அக்காதான் வேலியோரம் வந்தார். "என்னா தம்பி, சண்டையா? எதுக்கு ரெண்டு பேரும் இப்படிக் கத்துறீங்க?"

நான் குரலைத் தாழ்த்தி, "இல்லக்கா, அவருக்குக் காது கேக்காது" என்றேன்.

"யாருக்கு, எனக்கா?" என்றார் வீராசாமி, சாதாரணக் குரலில். "எனக்கு நல்லா கேக்குதே. உங்களுக்குத்தானே தம்பி கேக்காது? உங்க அண்ணன்தான் சொன்னாரு, சத்தமா பேசுங்கன்னு."

"எனக்கு அண்ணனே இல்லையே."

கோழி மட்டும் பைக்குள்ளிருந்து கொக்கரித்தது.

மெல்ல மெல்லத்தான் எல்லாம் வெளியே வந்தது. வீராசாமியின் ஒரே மகன் செமோரில் லோரி ஓட்டிக்கொண்டிருந்தான். இந்த ஞாயிறு ஈப்போ பஸ் ஸ்டேஷனுக்கு வந்து கூட்டிப் போவதாக எப்போதோ ஆள் மூலம் சொல்லி அனுப்பியிருந்தானாம். பெரியவர் முதல் பஸ்ஸில் வந்து பெஞ்சில் காத்திருந்தார். மகன் வரவில்லை. வந்தது பாலன். பக்கத்தில் உட்கார்ந்து பேச்சுக் கொடுத்து, மகனின் பேரையும் ஊரையும் அவர் வாயாலேயே வாங்கிக்கொண்டு, "அட, அவன் என் கூட்டாளிதான்! என் தம்பி வீட்ல இருங்க, மோட்டர்ல போயி அவனக் கூட்டியாறேன்" என்று சொல்லியிருக்கிறார். காத்துக்கொண்டிருக்கிறவர்களைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துகொள்ளும் கண் அந்த ஆளுக்கு. ஒருவரைப் பெஞ்சில் கண்டுபிடித்தார், இன்னொருவரைப் பத்திரிகையில்.

போலீஸ் நிலையத்துக்கு மூவரும் போனோம். (கோழியை எங்கே விடுவது?) சார்ஜன்ட் ஒரு மலாய்க்காரர். பொறுமையாகத்தான் கேட்டார். கார்டையும் கொடுத்தாயா? கொடுத்தேன். ஹெல்மெட்? கொடுத்தேன். எஞ்சின் எப்படிக் கிளம்பியது? நான் தலையைக் குனிந்துகொண்டு, தள்ளிவிட்டேன் என்றேன். அவர் எழுந்து போய் உள்ளே இருந்த மற்ற இருவரையும் அழைத்து வந்து, இன்னொரு முறை முதலிலிருந்து சொல்லச் சொன்னார்.

சிரித்து முடித்ததும் அவர் பார்வை வீராசாமி மேல் திரும்பியது. திருடனோடு வந்தவர் இவர்தானே? இவரும் கூட்டாளியாக இருக்கலாமே? இன்றைக்கு இங்கேயே உட்காரட்டும், விசாரிப்போம் என்றார். வீராசாமிக்கு மலாய் புரிந்தது. கோழிப் பையை மார்போடு அணைத்துக்கொண்டார்.

"இவரை உனக்குத் தெரியுமா?" என்று சார்ஜன்ட் என்னைக் கேட்டார்.

தெரியாது என்பதுதான் உண்மை. ஆனால் அவர் மகனுக்கு எந்தத் துண்டு பிடிக்கும் என்று எனக்குத் தெரியும். தேநீருக்குச் சர்க்கரை எவ்வளவு என்று தெரியும். ஈப்போவில் வேறு யாரைப் பற்றியும் எனக்கு அவ்வளவுகூடத் தெரியாது.

"என் மாமா" என்றேன்.

சார்ஜன்ட் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு, மாமாவைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போ, இனிமேல் யாரையும் தள்ளிவிடாதே என்றார்.

வெளியே வந்ததும் வீராசாமி பைக்குள் கைவிட்டுக் கோழியைத் தடவிக் கொடுத்தார். பிறகு கேட்டார். "தம்பி, மோட்டர தூக்கிட்டுப் போனவன் பொய் சொன்னது சரி. ஆனா என் மகனத் தெரியும்னு சொன்னானே, அதுவும் பொய்யாத்தான் இருக்கணுமா? இந்நேரம் அவன் உங்க வீட்டு வாசல்ல நின்னுக்கிட்டு இருந்தா?"

வேகமாக நடந்தோம். வாசலில் அஞ்சலை அக்காதான் நின்றிருந்தார், நாற்காலிகளைத் திரும்ப வாங்க.

அன்று சாயங்கால பஸ்ஸில் அவரை ஏற்றிவிட்டேன். மகன் வந்தால் கொடுக்கச் சொல்லிக் கோழியை என்னிடம் விட்டுப் போனார்.

அடுத்த ஞாயிறு பஸ் பிடித்துச் செமோருக்குப் போனேன். (மோட்டார் இருந்தவரை போக இடமில்லை. இடம் கிடைத்தபோது மோட்டார் இல்லை.) லோரிகள் நிற்கும் இடத்தில் விசாரித்தேன். "அவனா? சிங்கப்பூர் போயி மாசக்கணக்காச்சே மச்சான். யாருகிட்டயும் சொல்லல" என்றார்கள்.

இதைச் சொல்ல அதற்கு அடுத்த ஞாயிறு பீடோருக்குப் போனேன். தோட்டத்து லயத்தில், அந்தத் தொழிலாளர் வீட்டு வரிசையில், கடைசி வீடு அவருடையது. சுற்றிலும் பல வீடுகள் பூட்டிக் கிடந்தன. எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் மெதுவாகச் சொன்னேன்.

"என்னா தம்பி? காது கேக்கல" என்றார்.

கொஞ்சம் சத்தமாகச் சொன்னேன்.

அவர் வெளியே பார்த்துக்கொண்டு, "கேக்கல தம்பி" என்றார்.

மூன்றாவது முறை நான் சொல்லவில்லை. அவரே, "சாப்ட்டீங்களா?" என்று கேட்டார். இல்லை என்றேன். உள்ளே போய் அரிசி களைந்தார்.

அதிலிருந்து மாதத்தில் ஒரு ஞாயிறு நான் பீடோருக்குப் போவதும், ஒரு ஞாயிறு அவர் புந்தோங்குக்கு வருவதுமாக வழக்கமாகிவிட்டது. மோட்டார் கிடைக்கவே இல்லை. கோழி கிழவியாகித்தான் செத்தது. ஆபீஸில் கனகசபை கதையைக் கேட்டுவிட்டு, "மோட்டாரைக் குடுத்து மாமனார் வாங்கினவன் உலகத்திலேயே நீர் ஒருத்தர்தான் தம்பி" என்றார். பேர் அப்படியே ஒட்டிக்கொண்டது. நானும் அவரை மாமா என்றே கூப்பிட்டேன்.

சில வருஷங்கள் கழித்து எனக்குக் கல்யாணம். வீராசாமி புது வேட்டி கட்டி மாப்பிள்ளை வீட்டார் பக்கம் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார். பெண்ணின் அப்பா என்னிடம் குனிந்து, "பெரியவரு யாரு?" என்று கேட்டார். மேளச் சத்தத்தில், யோசிக்காமல், "அவரும் மாமனாருதான்" என்று சொல்லிவிட்டேன்.

பெண் வீட்டில் ஒரு கலக்கம். அப்படியென்றால் முதல் சம்சாரம் எங்கே? மேளத்தை நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். என்னைக் காப்பாற்ற வீராசாமி எழுந்து நின்று, மண்டபம் முழுக்கக் கேட்கும்படி அறிவித்தார்: "ஐயோ, எனக்குப் பொண்ணே இல்லீங்க! நான் மாப்பிள்ளைக்கு மாமனாரு இல்ல, மோட்டர் திருடனுக்கு மாமனாரு!"

அதன் பிறகு மேளம் மறுபடி ஆரம்பிக்க வெகு நேரம் ஆனது.

அவர் போய்ச் சேர்ந்து வருஷங்கள் ஆகின்றன. அவருடைய மகன் கடைசிவரை வரவில்லை. கொள்ளியை நான்தான் வைத்தேன். எங்கள் குடும்பத்தில் இன்றும் யார் யாருடைய வண்டியை இரவல் கேட்டாலும் முதலில் வரும் கேள்வி, "யார விட்டுட்டுப் போற?" என்பதுதான். என் மகன் முதல்முதலாகக் கார் சாவியைக் கேட்டபோது, தன் அம்மாவைப் பிடித்து என் பக்கம் தள்ளி, "இந்தாங்க, அடமானம்" என்றான்.

அவன் இப்போது வேலைக்காக ஆஸ்திரேலியாவில் இருக்கிறான். போனில் பேசினால் கடைசியில் தவறாமல் கேட்பான். "அம்மா பத்திரமா இருக்காங்களாப்பா? வந்து மீட்டுக்குவேன் லா."

பக்கத்தில் என் மனைவி சிரிப்பாள். நானும் சிரித்துக்கொண்டே, "இருக்கா, இருக்கா. நீ எப்ப வார?" என்று கேட்பேன்.