தர்பூசணிக்காரர் கேட்ட கேள்வி

சைகோனில் ஆறு வருடம் குப்பை கொட்டிய பிறகும் அப்போது எனக்கு வியட்நாமிய மொழி தெரியாது. சிரிக்கத் தெரியும், தலையாட்டத் தெரியும், காபியில் பால் வேண்டாம் என்று சொல்லத் தெரியும் (பால் ஊற்றித்தான் வரும்).

இந்தத் தகுதியோடுதான், 'பெற்றோர் வந்து கதை வாசிக்கலாம்' என்று பள்ளியிலிருந்து கடிதம் வந்ததும், நான் போகிறேன் என்றேன். கொரியர்கள் நிறைய வசிக்கும் பூ மி ஹங் பகுதிக்கு வீடு மாறி, மகள் கயலைப் புதுப் பள்ளியில் சேர்த்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. ஏழு வயதுப் பெண்ணுக்கு ஒரு தோழிகூட இல்லை. தனியாக உட்கார்ந்து சாப்பிடுகிறாள் என்று ஆசிரியை சொன்னதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அப்பன் வந்து அசத்தினால் நாலு பிள்ளைகள் அவளிடம் பேச வருவார்கள் என்று நினைத்தேன்.

வகுப்பில் பாதி கொரியப் பிள்ளைகள், பாதி வியட்நாம் பிள்ளைகள். அதனால் ஒரு கொரியப் படக்கதையின் வியட்நாமிய மொழிபெயர்ப்பை வாங்கினேன். நகர ரயிலில் ஏறும் பயணிகளைப் பற்றிய கதை. சைகோனில் அப்போது மெட்ரோ கிடையாது. பிள்ளைகள் வாயைப் பிளந்து கேட்பார்கள் அல்லவா? அலுவலகத் தோழி லான் வாசித்துக்காட்ட, ஒவ்வொரு வரிக்கும் மேலே அதன் உச்சரிப்பைத் தமிழ் எழுத்தில் எழுதிக்கொண்டேன்.

"குரல் ஏறினால் ஒரு அர்த்தம், இறங்கினால் வேறு அர்த்தம். ஜாக்கிரதை," என்றாள் லான்.

ஏற்ற இறக்கத்தைத் தமிழில் எப்படி எழுதுவது? எழுதவில்லை.

அன்று காலை என் மனைவி, "தண்ணி குடிச்சிட்டுப் போங்க, மூஞ்சி வெளுத்துக் கெடக்கு" என்றாள். குடித்தேன். வகுப்புக்குள் நுழைந்ததும் அத்தனையும் வியர்வையாக வெளியேறியது. கடைசி வரிசையில் கயல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

முதல் பக்கம் தப்பித்தேன். இரண்டாம் பக்கத்தில், தர்பூசணியோடு ஒருவர் ரயிலேறுகிறார். தனியாக இருக்கும் குழந்தையிடம், "உனக்கு நண்பர்கள் உண்டா?" என்று கேட்கிறார். நான் நடிப்பையும் சேர்த்துக்கொண்டு, முன்வரிசைப் பிள்ளைகளை ஒவ்வொருவராக விரல் நீட்டிக் கேட்டேன்.

பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சத்தம் போதவில்லையோ என்று இன்னும் உரக்கக் கேட்டேன். ஒரு பையன் பென்சில் பெட்டியை இரு கைகளாலும் மூடிக்கொண்டான். இன்னொருவன் பையைக் கட்டிப்பிடித்து அழத் தொடங்கினான். கொரியச் சிறுமி ஒருத்தி மட்டும், யோசித்துவிட்டு, தன் பாதி ரப்பரை என்னிடம் நீட்டினாள்.

"அப்பா, நிறுத்துங்க!" கயல் எழுந்து நின்றாள். "நண்பர்கள் இருக்காங்களான்னு நீங்க கேக்கல. குரலை ஏத்தி, 'விக்கிறியா, விக்கிறியா'ன்னு கேக்கறீங்க!"

அவளே வந்து புத்தகத்தைப் பிடுங்கி, நடுங்கும் குரலில் மீதிக் கதையை வாசித்தாள். வகுப்பில் அவள் வாயைத் திறந்ததே அன்றுதான் முதல் தடவை என்று ஆசிரியை பிறகு சொன்னார். பக்கம் திருப்பும் வேலை மட்டும் எனக்குக் கிடைத்தது.

திரும்பும் பேருந்தில் கயல் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். வீடு நெருங்கும்போது, "நாளைக்கு நான் ஸ்கூலுக்குப் போகமாட்டேன்" என்றாள். தோழி தேடித்தரப் போய், பள்ளியையே பறித்துவிட்டேன்.

மறுநாள் கெஞ்சிக் கூத்தாடி அனுப்பிவைத்தோம். சாயங்காலம் அழைப்பு மணி அடித்தபோது, ஆசிரியைதான் புகார் சொல்ல வந்துவிட்டார் என்று நடுங்கிக்கொண்டே கதவைத் திறந்தேன். கயலோடு அந்த ரப்பர் சிறுமி நின்றாள். கையில் ஒரு கால் இல்லாத பொம்மை.

"இவ பேரு சூ-ஆ. இதை வாங்கிக்குவீங்களான்னு கேக்கறா," என்றாள் கயல். சொல்லி முடிப்பதற்குள் இருவருக்கும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

இப்போது சூ-ஆ வளர்ந்து சியோலில் வேலை பார்க்கிறாள். கயலை வீடியோவில் அழைத்தால், முதலில் 'வியாபாரி அப்பா' வர வேண்டும். பழைய செருப்பு, பிடி உடைந்த குடை என்று கைக்குக் கிடைத்ததைக் காட்டி விலை கேட்பாள். போன வாரம் காட்டியது, அவள் கட்டிக்கொள்ளப்போகும் பையனை. அவனிடம் என்ன சொல்லிவைத்திருந்தாளோ, என்னைப் பார்த்ததும் மிரண்டுபோய் இரண்டடி பின்னால் நகர்ந்தான்.