ஜீப்பு கொடுத்த பதினெட்டு

மலையடிவாரத்து லோயர் கேம்ப் தாண்டுவதற்குள் மைலேஜ் பதினொன்றுக்கு இறங்கிவிட்டது. ஓட்டிக்கொண்டிருந்த ஈஸ்வரபாண்டி காரின் திரையைத் துண்டால் துடைத்துப் பார்த்தார். பதினொன்றேதான்.

"பதினெட்டு வரணும் மாமா," என்றான் பக்கத்தில் இருந்த மருமகன் விஜயபாண்டி.

கூடலூரிலிருந்து குமுளி ஏலத்தோட்டங்களுக்கு ஆள் ஏற்றி முப்பது வருஷம் ஜீப் ஓட்டியவர் ஈஸ்வரபாண்டி. அந்த ஜீப் லிட்டருக்குப் பதினெட்டு கிலோமீட்டர் கொடுத்த கதையைக் கேட்காத ஆள் ஊரில் இல்லை. கரண்டிலும் பெட்ரோலிலும் ஓடும் ஹைப்ரிட் காரோடு மருமகன் லீவுக்கு வந்ததும் பேச்சு பந்தயமாகிவிட்டது. குமுளி போய்த் திரும்பும்போது பதினெட்டு காட்டினால், லீவு முடியும்வரை சாவி மாமனாரிடம்.

சாவி எதற்கென்று அவர் யாரிடமும் சொல்லவில்லை. மனைவி மலையம்மாளை முன்சீட்டில் உட்காரவைத்து, பழையபடி ஒருதடவை மலையேற வேண்டும். ஜீப்பை விற்ற நாளிலிருந்து மனசில் கிடக்கும் ஏக்கம் அது. இன்றைக்கு அவள் பின்சீட்டில், அந்தக் காலத்தில் கூடவே ஏலக்காய் பறித்த பஞ்சம்மாளோடு உட்கார்ந்திருந்தாள்.

"கரண்டுல போங்க மாமா. பெட்ரோலே செலவாகாது."

"ஏத்தத்துக்குக் கரண்டு வேணும்ல மாப்ள? இங்கனயே தீத்துட்டா அங்கன என்ன செய்ய?"

அதனால் கிளம்பும்போதே 'சார்ஜ்' பொத்தானை அமுக்கியிருந்தார். இன்ஜின் தனக்கும் பேட்டரிக்கும் சேர்த்துப் பெட்ரோல் குடித்தது.

ஏற்றத்தில் எட்டானது. பதறிப்போய் 'ஸ்போர்ட்' பொத்தானைத் தட்டினார். ஆறு. ஏசியை அணைத்தார். ஆறு அசையவில்லை.

"ஜீப்பு இங்கன சும்மா பூ மாதிரி ஏறும் மாப்ள. பாரமே தெரியாது."

சொல்லிக்கொண்டே கண்ணாடியில் பின்சீட்டைப் பார்த்தார். இந்த வளைவில்தான் மலையம்மாள் முதல்முதலாக அவரைப் பார்த்துச் சிரித்தாள். பின்சீட்டில் பஞ்சம்மாள் தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

குமுளியில் டீ குடித்ததும் அவருக்குத் தெம்பு வந்தது. இறக்கத்தில் விட்டதையெல்லாம் பிடித்துவிடலாம் என்று நியூட்ரலுக்குத் தள்ளினார்.

"மாமா, கியர்ல விட்டா எறக்கத்துல வண்டியே பேட்டரிய நெரப்பிக்கிரும். நியூட்ரல்ல ஒண்ணும் ஏறாது."

"நீங்க பொறக்கும் முன்னாடியே இங்கன நியூட்ரல்ல எறங்குனவன் நான்."

அடிவாரத்தில் பேட்டரி காலி. அங்கிருந்து கூடலூர் வரை முழுக்கப் பெட்ரோல்தான். பஸ் ஸ்டாண்டில் நிறுத்தியபோது திரை ஒன்பது காட்டியது.

சாவியை மருமகனிடம் கொடுத்தார். ஆனாலும் வாய் அடங்கவில்லை.

"கோளாறு கார்ல இருக்கு மாப்ள. பதினெட்டு பாத்தவன் நான். வேணும்னா பின்னாடி இருக்கவுகள கேளுங்க."

மலையம்மாள் ஜன்னல் பக்கம் திரும்பி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பஞ்சம்மாள் பையை எடுத்துக்கொண்டு நிதானமாக இறங்கினாள்.

"அண்ணன் பொய் சொல்லல தம்பி. ஏத்தம் வந்ததும் வண்டி இழுக்கலன்னு எங்க பதினாறு பேரையும் எறக்கி நடக்க விட்டுட்டு, இவள மட்டும் முன்சீட்டுல வச்சுக் கூட்டிட்டுப் போனா, பதினெட்டு குடுக்காம என்ன செய்யும்?"