ஈரச் சாக்கின் மேல் ஆறு பேர்

இயற்பியலில் பட்டம் வாங்கியவர்களை மின்சாரத்துக்குப் பக்கத்தில் விடக் கூடாது. நானும் வாங்கியிருக்கிறேன், அதுவும் முதல் வகுப்பில். அந்த உரிமையில்தான் சொல்கிறேன். ஒன்றும் தெரியாதவன் ஒயரைக் கண்டால் ஒதுங்கிப் போய்விடுவான். நன்றாகத் தெரிந்தவன் முதலில் மெயினை ஆஃப் செய்வான். பரீட்சைக்கு முந்தின வாரம் மட்டும் படித்துத் தேறிய என்னைப் போன்றவர்கள்தான், "எனக்குத் தெரியும், தள்ளு" என்பார்கள்.

2003இல் எனக்கு இருபத்து மூன்று வயது. கடலோர நெம்மேலியில் வீடு. அப்பா சொந்தமாக ஒரு வேன் வைத்து, செய்யூர் பக்கத்திலிருந்து சவுக்குக் கட்டையும் வேர்க்கடலை மூட்டையும் ஏற்றிக்கொண்டிருந்தார். நான் கிடார் வாசித்துக்கொண்டிருந்தேன். (வாசித்துக்கொண்டிருந்தேன் என்பது என் கருத்து. "பொராண்டிகினு கீறா" என்பது அம்மாவின் கருத்து.) திருவிடந்தைக்கும் மாமல்லபுரத்துக்கும் நடுவில், கடலோரமாக இருந்த ஒரு ரிசார்ட்டில், சாப்பிட வருகிறவர்களுக்குச் சாயந்திரம் பாட ஆள் தேடுவதாகக் கேள்விப்பட்டு நேரே போய் நின்றேன். மேனேஜர் என்னைப் பாடச் சொல்லவில்லை. "ஒரு பாட்டு பதிவு பண்ணி சி.டி.யா கொண்டாம்மா. ஞாயித்துக்கிழமை மூணு மணிக்கு ஓனர் வர்றாரு, அவரு கேட்டுட்டு சொல்வாரு" என்றார்.

அந்த வேலை எனக்கு உயிர்ப் பிரச்சினையாக இருந்தது. அப்பா ஏற்கெனவே கெடு வைத்திருந்தார். "கார்த்திகைக்குள்ள ஒரு வேலைய காட்டு. இல்லாங்காட்டி தை பொறந்தா கல்யாணம்" என்று சொன்னதோடு நிற்காமல், தரகரிடம் ஜாதகத்தையும் கொடுத்துவிட்டார். கல்யாணம் என்றால் கிடார் பரணுக்குப் போகும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. எங்கள் தெருவில் டான்ஸ் ஆடிய பெண், கோலப்போட்டியில் பரிசு வாங்கிய பெண், கபடி ஆடிய பெண் எல்லாருமே கல்யாணத்துக்குப் பிறகு என்ன செய்தார்கள் என்று எனக்குத் தெரியும். இட்லி சுட்டார்கள்.

சி.டி. கேட்டது ஞாயிற்றுக்கிழமைக்கு. மாப்பிள்ளை வீட்டார் பெண் பார்க்க வருவதும் அதே ஞாயிற்றுக்கிழமைதான், காலை பத்து மணிக்கு. நான் அசரவில்லை. ஏழு மணிக்கு ஆரம்பித்தால் எட்டுக்குப் பாட்டு முடிந்துவிடும், எட்டரைக்குப் புடவை கட்டிக்கொள்ளலாம் என்று கணக்குப் போட்டேன்.

கருவிகளில் குறை சொல்ல முடியாது. பகுதி பகுதியாக வாங்கிப் பூட்டிய கம்ப்யூட்டர், சென்னை ரிச்சி தெருவில் வாங்கிய மைக், கிடாரின் ஒலியைப் பிடிக்க அதற்குள் ஒட்டிய ஒரு பிக்அப். மைக் ஒயரையும் கிடார் ஒயரையும் ஒன்றாகச் சேர்த்து, கம்ப்யூட்டரின் பின்னால் இருக்கும் ரோஸ் நிற ஓட்டையில் செருக ஒரு இரும்புப் பின். செருகினேன். ஹெட்போனை மாட்டினேன். உள்ளே பாட்டும் இல்லை, கிடாரும் இல்லை. "ங்ங்ங்ங்" என்று ஆயிரம் வண்டுகள்.

ஒயரை மாற்றினேன், ஃபேனை நிறுத்தினேன், டியூப்லைட்டை அணைத்தேன். வண்டுகள் போகவில்லை. அப்போது தற்செயலாக என் விரல் அந்த இரும்புப் பின்மேல் பட்டது. இரைச்சல் பட்டென்று பாதியாகக் குறைந்தது. விரலில் மட்டும் லேசாகச் சுர்ரென்றது. தரையில் காலை நன்றாக ஊன்றித் தொட்டேன். இன்னும் குறைந்தது. ஆர்க்கிமிடீஸ் தொட்டியிலிருந்து எழுந்து ஓடினாரே, அந்த நிலையில் நான் இருந்தேன். மனித உடம்பே எர்த்!

ஆனால் நானே பின்னைப் பிடித்துக்கொண்டு கிடாரும் வாசிக்க முடியாது. கிடார்க் கம்பியைத் தொட்டாலும் விரலில் சுர்ரென்றது, அதனால் ரப்பர் செருப்பை மாட்டிக்கொண்டு பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்தேன். எர்த்தாக நிற்க இன்னொருவர் வேண்டும். வீட்டில் கையில் கிடைத்தது அம்மாதான்.

ஒரு கோணிச் சாக்கைத் தண்ணீரில் நனைத்துத் தரையில் போட்டு, அதன்மேல் அம்மாவை வெறுங்காலோடு நிற்க வைத்து, பின்னைப் பிடிக்கச் சொன்னேன்.

"இன்னாடி, எறும்பு ஊர்றா மாரி கீது?"

"அதுதாம்மா இரைச்சல். உன் வழியா பூமிக்குப் போகுது."

"போற வழியில என்னையும் இட்டுகினு பூடப் போவுது."

அம்மா நன்றாகத்தான் நின்றார். பேசாமல் நிற்கத்தான் அவரால் முடியவில்லை. முதல் முறை பாடும்போது "உளுந்து ஊறிகினு கீதுடி" என்றார். இரண்டாவது முறை, "வந்தவங்களுக்கு வட போடணும், இன்னும் மாவாட்டல" என்றார். ஐந்தாவது முறை பாட்டின் நடுவில் தும்மினார். ஒன்பதரை மணிக்கு வாசலில் வேன் வந்து நின்றது. மாப்பிள்ளை வீட்டார் அரை மணி முன்னதாகவே வந்துவிட்டார்கள். அம்மா பின்னிலிருந்து கையை எடுத்துவிட்டு அடுக்களைக்கு ஓடினார்.

வந்தவர்கள் ஐந்து பேர். மாப்பிள்ளை குமரேசன், செங்கல்பட்டில் ஒரு கம்பெனியில் ஸ்டோர் கீப்பர். அவருடைய அம்மா. அப்பா இல்லாத பையன் என்பதால் எல்லாவற்றுக்கும் முன்னால் நிற்கும் பெரியப்பா, பெரியம்மா. பிறகு தரகர். நான் அவசரமாக ஒரு புடவையைச் சுற்றிக்கொண்டு காபி கொடுத்தேன். பெரியப்பா மீசையைத் துடைத்துக்கொண்டு, காலங்காலமாகக் கேட்கப்படும் கேள்வியைக் கேட்டார்.

"பொண்ணு பாடுமா?"

இதற்கு என்ன பதில் சொல்ல வேண்டும் என்று எல்லாப் பெண்களுக்கும் தெரியும். தலையைக் குனிந்து, "கொஞ்சம்" என்று சொல்லி, ஒரு சாமி பாட்டில் நாலு வரி பாட வேண்டும். நான் சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தேன். ஆளுக்கொரு நாற்காலியில் சும்மா உட்கார்ந்திருந்த ஐந்து பேரைப் பார்த்தேன். இவர்கள் எனக்கு மாப்பிள்ளை வீட்டாராகத் தெரியவில்லை. ஐந்து எர்த்தாகத் தெரிந்தார்கள்.

"பாடுவேன் மாமா. ஆனா நீங்க எல்லாரும் ஒரு ஒத்தாசை பண்ணணும்" என்றேன்.

அப்பா என்னை முறைத்த முறைப்பில் வேன் டயர் வெடித்திருக்கும். நான் இயற்பியலைக் கையில் எடுத்தேன். ஒருவர் பிடித்தால் கொஞ்சம் சுர்ரென்று இருக்கும், பலர் கை கோத்து நின்றால் அது பங்கு பிரிந்து ஒன்றுமே தெரியாது என்று விளக்கினேன். (எந்தப் புத்தகத்தில் இருக்கிறது என்று கேட்காதீர்கள்.) பெரியப்பாவுக்குப் பாதி புரியவில்லை. புரியவில்லை என்று காட்டிக்கொள்ளவும் மனமில்லை. "அது தெரிஞ்சதுதான" என்றார்.

மாப்பிள்ளை மறு பேச்சில்லாமல் சாக்ஸைக் கழற்றி மடித்து ஷூவுக்குள் வைத்தார். இன்னும் மூன்று சாக்கு நனைத்துப் போட்டேன். முறை பார்த்துத்தான் நிறுத்தினேன், அந்த அளவுக்கு எனக்கு விவரம் உண்டு. பின்னைப் பிடித்து மாப்பிள்ளை, அவர் கையை அவர் அம்மா, அம்மா கையைப் பெரியம்மா, பெரியம்மா கையைப் பெரியப்பா, அடுத்துத் தரகர், கடைசியில் வேறு வழியில்லாமல் என் அப்பா. பட்டுப்புடவையும் பட்டை பார்டர் வேட்டியுமாக ஆறு பேர் ஈரச் சாக்கின் மேல் கை கோத்து நின்றார்கள்.

ஹெட்போனை மாட்டினேன். சத்தியமாகச் சொல்கிறேன், அப்படி ஒரு சுத்தமான அமைதியை நான் அதற்கு முன் கேட்டதில்லை. ஒரு வண்டு கூட இல்லை. பதிவைத் தட்டிவிட்டுப் பாட ஆரம்பித்தேன். நானே எழுதி நானே மெட்டுப் போட்ட பாட்டு. வேலை, கல்யாணம், கெடு எல்லாம் மறந்துபோய், மனசு நிறைந்து பாடினேன். மூன்று நிமிடம் யாரும் மூச்சுக் கூடச் சத்தமாக விடவில்லை. கடைசி வரிக்கு வந்தேன்.

இந்த இடத்தில் எங்கள் வீட்டு கிரைண்டரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதை வெறுங்காலோடு தொட்டால் ஷாக் அடிக்கும். அதற்காக நாங்கள் அதை ரிப்பேர் செய்யவில்லை. அதன் பக்கத்தில் ஒரு ஜோடி ரப்பர் செருப்பை வைத்தோம். யார் மாவாட்டினாலும் செருப்பை மாட்டிக்கொண்டுதான் சுவிட்சைப் போடுவோம். இது எங்கள் வீட்டில் சாமி கும்பிடுவது மாதிரி ஒரு பழக்கம். அம்மா அன்றும் மறக்காமல் செருப்பை மாட்டிக்கொண்டார். உளுந்தைக் கொட்டினார். சுவிட்சைப் போட்டார்.

வீட்டில் இருக்கும் எல்லாப் பிளக்கின் எர்த் ஒயரும் ஒன்றாகச் சேர்ந்து, கொல்லையில் புதைத்த ஒரு இரும்புக் குழாயில் முடிகிறது. அந்தக் குழாயைக் கடல்காற்று எப்போதோ தின்றுவிட்டது. (பிறகு தோண்டிப் பார்த்தபோது விரல் நீளத்துக்குத் துரு கிடைத்தது.) அதனால் கிரைண்டரில் கசிந்த கரண்ட் பூமிக்குப் போக வழியில்லாமல், அதே ஒயர் வழியாகக் கம்ப்யூட்டருக்கு வந்தது. அங்கே அதற்காகவே ஒரு முதல் வகுப்பு மாணவி, ஆறு பேரைக் கொண்டு ராஜபாட்டை போட்டு வைத்திருந்தாள்.

ஆறு பேரும் ஒரே சுருதியில் அலறினார்கள். மாப்பிள்ளையின் கை உதறிய உதறலில் பிடி நழுவியது, பின் மட்டும் கம்ப்யூட்டரிலேயே இருந்தது. அதுதான் எல்லாரையும் காப்பாற்றியது. பெரியப்பா பின்னாலிருந்த நாற்காலியில் விழுந்து அதோடு மல்லாந்தார். தரகர் பழத்தட்டின் மேல் உட்கார்ந்தார். "அம்மா, கிரைண்டர்!" என்று கத்திக்கொண்டு நான் அடுக்களைக்கு ஓடினேன். அப்பா மெயினை அணைக்கக் கொல்லைக்கு ஓடினார். பதற்றத்தில் மெயின் பெட்டி அவருக்குக் கிடைக்கவில்லை. நானும் அம்மாவும் போய்த் தேடிக் கொடுத்தோம்.

நாங்கள் திரும்பி வந்தபோது ஐந்து பேரும் சுவரோரமாக, எதையும் தொடாமல் நின்றுகொண்டிருந்தார்கள். யாருக்கும் அடி இல்லை. வடை இல்லாமலே கேசரி சாப்பிட்டார்கள். ஸ்பூன் எவர்சில்வர் என்பதால் பெரியம்மா கேசரியைக் கூடக் கையால்தான் எடுத்தார். கிளம்பும்போது மாப்பிள்ளையின் அம்மா, "வூட்டுக்குப் போயி பேசிட்டு தகவல் சொல்றோம்" என்றார். அதற்கு அர்த்தம் என்ன என்று எங்கள் பக்கத்தில் நாய்க்குட்டிக்குக் கூடத் தெரியும். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். அப்பா என்னைத் திட்டக் கூட இல்லை. கொல்லையில் போய் உட்கார்ந்துவிட்டார். அதுதான் எனக்கு அதிகம் வலித்தது.

கம்ப்யூட்டர் எப்படியோ பிழைத்துக்கொண்டது. பதிவும் அழியாமல் இருந்தது. அலறலுக்கு முன்னால் வெட்டத் தெரியாமல், கேட்டுப் பார்க்கவும் தைரியமில்லாமல், அப்படியே சி.டி.யில் ஏற்றி எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

ஓனர் வந்திருந்தார். மேனேஜர் சி.டி.யைப் போட்டார். பாட்டு ஓடியது, இரைச்சலே இல்லை. இருவரும் தலையசைத்தார்கள். கடைசி வரியில் ஆறு பேர் அலறினார்கள். ஓனர் கையிலிருந்த டீ சட்டையில் கொட்டியது. நான் எழுந்து போய் சி.டி.யை நிறுத்தப் போனேன். "இரும்மா" என்றார் ஓனர்.

நாங்கள் மூவரும் கொல்லையில் மெயினைத் தேடிக்கொண்டிருந்த நேரத்தில், கரண்ட் போகும்வரை, மைக் அது பாட்டுக்குப் பதிவு செய்துகொண்டே இருந்திருக்கிறது. மறுபடி கிளம்பிய வண்டு இரைச்சலுக்கு நடுவே முதலில் பெரியப்பாவின் குரல்: "எல்லாரும் கெளம்புங்க. ஜாதகந்தான் பாத்தோம், கரண்டு பாக்கல." பிறகு மாப்பிள்ளை அம்மாவின் குரல், கொஞ்சம்கூட நடுக்கமில்லாமல்:

"இருங்க மாமா. வந்து கால் அவர்ல நம்மள ஈர சாக்கு மேல நிக்க வெச்சு, கைய கோக்க வெச்சு, ஒரு பேச்சு பேசாம வாய மூட வெச்சா பாத்தீங்களா? கல்யாணம் கட்டிகினு வந்த நாளா இந்தக் குடும்பத்த ஒரு நிமிசம் என்னால வாய மூட வெக்க முடியல. எனக்கு இவதான் வோணும். டேய் குமரேசா, இன்னாடா சொல்ற?"

"பாட்டு முடியலியேம்மா" என்றது இன்னொரு குரல். அதோடு பதிவு நின்றது.

மேனேஜர் என்னைப் பார்த்தார். "யாரும்மா இந்த அம்மா?"

"நேத்து வரைக்கும் தெரியாது சார். மாமியார்னு நெனைக்கிறேன்" என்றேன். வேலை கிடைத்தது. கோரஸ் வேண்டாம், தனியாக வந்தால் போதும் என்று ஓனர் ஒரு நிபந்தனை மட்டும் வைத்தார்.

வேலை கிடைத்துக் கெடு போன பிறகும், நானே சம்மதித்துத் தையில் கல்யாணம் நடந்தது. முகூர்த்தப் பத்திரிகைக்கு முன்னால் புது எர்த் குழாய் போட வேண்டும் என்பது பெரியப்பா கேட்ட ஒரே சீர்வரிசை. கிடார் பரணுக்குப் போகவில்லை. சனி, ஞாயிறு சாயந்திரங்களில் என்னை ரிசார்ட்டுக்கு அனுப்பிவிட்டு இட்லி சுட்டவர் என் மாமியார். இன்றைக்கும் எங்கள் குடும்பத்தில் ஒரு போட்டோவுக்கு நாலு பேர் கை கோத்து நின்றால், யாராவது ஒருவர் அடுக்களையைப் பார்த்து, "கிரைண்டர் ஆஃபா?" என்று குரல் கொடுத்த பிறகுதான் சிரிப்பார்கள்.

என் மாமியார் இறந்து சில வருடங்கள் ஆகின்றன. அவர் குரல் எங்கேயாவது இருக்கிறதா என்று தேடினோம். கல்யாண வீடியோவில் அவர் எல்லா இடத்திலும் இருக்கிறார், வாய் ஓயாமல் பேசுகிறார், ஆனால் வீடியோக்காரர் ஆரம்பம் முதல் கடைசி வரை சினிமாப் பாட்டைப் போட்டு மூடிவிட்டார். அதனால் ஒவ்வொரு வருடமும் திதி அன்று, படையல் முடிந்து சாப்பிட்டதும், குமரேசன் அந்தப் பதிவைப் போடுகிறார். என் பாட்டை யாரும் கேட்பதில்லை, ஓட்டிவிடச் சொல்கிறார்கள். அலறல் வரும்போது எல்லாரும் சிரிக்கிறார்கள். பிறகு அத்தை பேச ஆரம்பித்ததும், பெரியப்பா உட்பட, ஒருவரும் வாயைத் திறப்பதில்லை.