பிரிசில்லா வீட்டு உறைமோர்

அவிநாசி,
செப்டம்பர் 2008

அன்புள்ள தங்கச்சி மகள் தமிழ்மதிக்கு, ஆறுச்சாமி மாமன் ஆசியுடன் எழுதுவது. இங்கே நானும் உன் அத்தை மயிலாளும் சுகம். எருமைகளும் சுகம். தயிர் மட்டும் சுகமில்லாமல் கிடந்தது.

தயிர்க் கிருமியைக் கொல்லும் வைரஸின் மரபணுவைக் கோயமுத்தூரில் ஆராய்ச்சி செய்யப் போவதாக நீ சொன்னபோது, உன்னைப் பெண் கேட்டு வருகிறவர்களிடம் கம்ப்யூட்டர் படிப்பு என்றே சொல்லிவைத்தேன். அந்தப் பாவத்துக்கு வைரஸ் என் கொட்டகைக்கே வந்துவிட்டது. பனியன் கம்பெனி கேன்டீனுக்கு உறை ஊற்றிய பால் விடிந்தும் பாலாகவே கிடந்தது. மறுநாளும் அதே கதை. திங்கட்கிழமை கட்டித் தயிர் வராவிட்டால் பாக்கெட் தயிருக்கு மாறிவிடுவதாக மேனேஜர் சொல்லிவிட்டார். அந்த ஆர்டர் போனால் எருமைகளை விற்க வேண்டியதுதான். உன் அத்தை உடனே காரணம் கண்டுபிடித்தாள். லைன் வீட்டில் குடியிருக்கும் பிரிசில்லா கொட்டகையை எட்டிப் பார்த்து, தயிர் பாறை மாதிரி இருக்கிறதே என்று சொன்னாளாம். கண் பட்டுவிட்டது. பிரிசில்லா காதில் விழும்படி அதைச் சொல்லி, உறையாத பாலாலேயே அண்டாக்களைச் சுற்றிக் கழித்து, கொட்டகையின் நாலு மூலையிலும் தெளித்தோம். அதன்பின் வீட்டுக்கென்று ஓரமாக வைத்திருந்த சின்னச் சட்டியும் உறையவில்லை.

போனில் நீ முதலில் சிரித்தாய். பிறகுதான், "ஒரு மூலைல இருந்த வைரஸை நாலு மூலைக்கும் நீங்களே கொண்டுபோய் உட்டுட்டீங்களே மாமா" என்றாய். இந்த வைரஸ் எல்லாக் கிருமியையும் தொடாது, குலம் பார்த்துத்தான் ஒட்டும் என்றாய். அந்த மட்டில் நம் ஆட்களைப் போலத்தான். தப்பிப் பிழைக்கிற கிருமி, வைரஸின் மரபணுவில் ஒரு துண்டைத் தன் மரபணுவிலேயே சேர்த்துக்கொண்டு, அடுத்த முறை அடையாளம் கண்டு வெட்டிவிடும் என்றாயே, அது எனக்கு நன்றாகப் புரிந்தது. துணி திருடியவன் போட்டோவைக் கம்பெனி கேட்டில் வாட்ச்மேன் ஒட்டி வைக்கிறான் அல்லவா, அதுதான். நம் கிருமிகளிடம் போட்டோ இல்லை. வேறு வீட்டு உறை வாங்கு என்றாய். லைன் வீடுகள் இருக்கும் வளவு முழுக்க விசாரித்தால் அத்தனை வீட்டிலும் நம் வீட்டு உறை. பிரிசில்லா ஒருத்திதான் தூத்துக்குடிப் பக்கத்துத் தாய்வீட்டிலிருந்து கொண்டுவந்த உறையை வைத்திருந்தாள். போய் நின்றேன்.

"கண்ணு போட்டவ கையால உறை வாங்கலாமா அண்ணாச்சி?" என்றாள்.

"தப்புத்தானுங்க" என்றேன். பழியையும் உறையையும் ஒரே வாசலுக்குக் கொண்டுபோவது லேசான காரியமில்லை, கண்ணு. அவள் கிண்ணம் நிறையவே கொடுத்தாள். பிளீச்சிங் பவுடருக்குத் திருப்பூர் பக்கம் பஞ்சமா? கொட்டகை முழுக்கக் கழுவி, புது அண்டா வாங்கி உறை ஊற்றினேன். இன்று காலை கரண்டி நட்டால் நின்றது. அதிலிருந்தே உறை எடுத்து நாளைக்கான பாலிலும் ஊற்றியாகிவிட்டது. நாளை திங்கட்கிழமை.

நன்றாகப் படி, நேரத்துக்குச் சாப்பிடு. இனி உன் படிப்பு என்னவென்று யாரிடமும் மறைக்க மாட்டேன்.

இப்படிக்கு,
ஆறுச்சாமி மாமன்

பி.கு.: உன் ஆராய்ச்சிக்கு ஆகட்டுமென்று, எடுத்து வைத்திருந்த உறையாத பாலை ஒரு பாட்டிலில் பிடித்து இத்துடன் அனுப்புகிறேன். மூடி ஒழுகுகிறதா என்று உன் அத்தை கவிழ்த்துப் பார்த்தாள். தரையில் சிந்தினால் வைரஸ் பரவிவிடுமே என்று, நாளைக்கான பால் இருக்கும் புது அண்டாவுக்கு நேராகப் பிடித்துக்கொண்டுதான் பார்த்தாள். ஒழுகத்தான் செய்தது. இது வேறு குலத்து உறை, ஒட்டாது என்று துணிய மனம் வரவில்லை; மறுபடி உறை வாங்க பிரிசில்லா வீட்டுக்கு இந்த முறை அவளையே அனுப்பியிருக்கிறேன். வாசலில்தான் நிற்கிறாள், கதவு இன்னும் திறக்கவில்லை.