மாடிப்படிக்குக் கீழே ஒரு கடல்

முப்பத்தோராண்டு ஆவடித் தொழிற்சாலையில் போர்வண்டிகளுக்கு மேலிடம் சொன்ன பச்சையை மட்டுமே பூசி, தாமாக ஒரு நிறத்தையும் தேர்ந்தறியாமலே ஓய்வுபெற்ற தூரிகைத் தடக்கையர், காட்டுப்பாக்கத்து அடுக்ககத்தின் முதல்மாடி வேந்தர் லட்சுமணனாரின் புகழ் ஓங்குக!

அன்னார், மாடிப்படிக்குக் கீழே ஸ்கூட்டர்கள் அணிவகுக்கும் வெற்றுச்சுவரில் ஒரு கடற்கரையை எழுப்பச் சங்கத்தாரின் இசைவு பெற்று, இடுப்பிலே வலிக்கான பெல்ட்டும் எதிரே ஏழு டப்பா நீலமும் விளங்க, ஒரு ஞாயிறு காலை களம் புகுந்தார். வானம் பணிந்தது. அலைகள் பணிந்தன. கட்டுமரமும் தாழைப்புதரும் கேளாமலே சரணடைந்தன. பணியாது நின்றவன் ஒருவனே: தொடுவானத்துத் தூரமலை. கருநீலம் தீட்டப்பெற்ற அக்கொடியோன், காதங்கள் பல கடந்து பாய்ந்து கட்டுமரத்தின் தலைமேல் அமர்ந்துகொண்டான். காபியோடு இறங்கிவந்த மனையாள் பத்மா சற்றுநேரம் பார்த்தாள்.

“மலை என்னங்க, வண்டி எடுக்க வந்த மாதிரி நிக்குது?”

வேலினும் கூரிய அச்சொல் தைத்ததும், மலையை வெள்ளையால் மாய்த்து, மோர்போல் நீர்த்த நீலத்தை ஒரு பூச்சு பூசி, மழைமாத ஈரத்தில் உலர மறுத்த அதன்மீது மேசைவிசிறியை ஏவி, உலர்ந்தபின் அதனினும் மெலிந்த சாம்பல் பூசி, இவ்வாறே ஒன்பது பூச்சு, ஆறு பகல் பொருதார் அவ்வீரர். ஆறாம் நாள் அந்தியில் மலை பின்வாங்கியது. மூடுபனி இறங்கியது. பத்தடிச் சுவர் பத்துக் காதம் உள்வாங்கிற்று. தாமே கலந்த அந்த நிறத்தின்முன் லட்சுமணனார் தூரிகையைக் கழுவவும் மறந்து நின்றார்.

அவ்வேளை, தூரம் என்பதை இரு வண்டிகளுக்கு இடைப்பட்டதாக மட்டுமே அறிந்த சங்கச் செயலாளர் ஹேமநாதர், சாவி குலுங்க எழுந்தருளி, பனியைக் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தார்.

“அன்னிக்கி மலை நல்லா தெரிஞ்சிது. இன்னா சார், சொவுத்துல ஓதம் ஏறிகினு கீது?”

“அது ஓதம் இல்ல சார். தூரம்.”

ஹேமநாதர் கருணையோடு தலையசைத்தார். பிறகு, மலையைச் செவ்வட்டத்துள் சிறைவைத்த புகைப்படத்தோடு, அடுக்ககம் கட்டியவனின் வஞ்சகத்தை வாட்ஸப் அரங்கில் முழங்கினார். தம் வீட்டுச் சுவரும் அழுகின்றது என்று மூன்றாம் மாடி முறையிட்டது. நாற்பத்திரண்டு கட்டைவிரல்கள் வானோக்கி உயர்ந்தன. லட்சுமணனார் ஒரு நெடும் மறுமொழி தட்டினார், அழித்தார், மீண்டும் தட்டினார். பத்மா அவர் கையிலிருந்து போனை மெல்ல வாங்கி வைத்தாள்.

செவ்வாய்க்கிழமை ஓர் ஆள் வந்து சுவரைச் சுரண்டி வாட்டர்ப்ரூஃப் அடித்துவிட்டுப் போனார்.