பைப்லைன் மாப்பிள்ளை

“மூணு வாரமா இந்த வாளியைக் காலி பண்றதுதான் எனக்கு வேலை. மாப்பிள்ளை வரட்டும்னு ஒருத்தரையும் கை வைக்க விடலை” என்றார் மாமனார், சமையலறைக் குழாயைப் பெருமையுடன் காட்டி.

குழாய் தன் பங்குக்கு ‘டொக்’ என்றது.

மாப்பிள்ளை வாளியை எட்டிப் பார்த்தான். பல்பு ஃப்யூஸ் போனால் மாற்றுவதை நாலு நாள் தள்ளிப்போட்டு, ஐந்தாம் நாள் இருட்டுக்குப் பழகிக்கொள்கிற ஆசாமி அவன்.

எல்லாம் அவன் வாயால் வந்த வினை. கல்யாணத்துக்கு முன், “ஆபீஸ்ல என்ன வேலை?” என்று மாமனார் கேட்டிருந்தார். கம்ப்யூட்டருக்குள் தகவலை இங்கிருந்து அங்கே அனுப்புகிற வேலை. அதற்கு அவர்கள் ஆபீஸில் பைப்லைன் என்றுதான் பெயர். “பைப்லைன் வேலைங்க. எங்கே லீக் ஆனாலும் என்னைத்தான் கூப்பிடுவாங்க” என்று சொல்லிவிட்டான். அவ்வளவுதான், மாமனார் தெரு முழுக்கத் தண்டோரா போட்டுவிட்டார்.

மனைவியை ஓரமாக இழுத்துப் போனான்.

“உங்கப்பாகிட்ட உண்மையைச் சொல்லிடவா?”

“தாராளமா சொல்லுங்க. ஆனா, ‘எங்க மாப்பிள்ளை கை வெச்சா ஒரு சொட்டு விழாது’ன்னு எதிர்வீட்டு ஹெட்மாஸ்டர்கிட்ட சவால் விட்டிருக்கார். அவர் ‘பார்க்கலாம், பார்க்கலாம்’னு சிரிச்சாராம். அப்பா அன்னிக்குச் சாப்பிடவே இல்லை.”

“ஐயோ!”

“பயப்படாதீங்க. அம்மா பக்கத்துலயே நிப்பாங்க.”

“அத்தை நின்னு என்ன பண்ணப் போறாங்க?”

அவள் துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள். இவனுக்கு எரிச்சலாக வந்தது.

மாமியார் மேடைக்கு அடியிலிருந்து ஒரு தகரப் பெட்டியை இழுத்து வைத்தார். உள்ளே ஸ்பேனர்கள் எண்ணெய் தடவி, துணியில் சுற்றி, வரிசையாக இருந்தன. மாமனார் பொருளை வைத்துக்கொள்கிற அழகே அழகு என்று நினைத்துக்கொண்டு, இருப்பதிலேயே பெரியதை எடுத்தான். பெரியதாக இருந்தால் பார்ப்பவர்களுக்கு நம்பிக்கை வருமே!

“அந்தச் சின்னது சரியா இருக்குமோ?” என்றார் மாமியார். “எனக்கென்ன தெரியும், சும்மா சொன்னேன்.”

சின்னதை எடுத்தான். கச்சிதமாகப் பொருந்தியது.

“தண்ணியை மூடிட்டுக் கழட்டுவாங்களோ?”

“அதெல்லாம் பார்த்துக்கலாம் அத்தை” என்றான் கம்பீரமாக. ஆபீஸில் யார் என்ன கேட்டாலும் அதுதான் அவன் பதில்.

திருகினான். குழாயின் தலை கையோடு வந்துவிட்டது. தண்ணீர் சீறிக்கொண்டு கூரைக்குப் போய், அங்கிருந்து நேராக, வாசற்படியில் நின்றுகொண்டிருந்த மாமனார் தலையில் இறங்கியது.

“பிரஷர் செக் பண்றீங்களா மாப்பிள்ளை?” என்று நனைந்த கண்ணாடியைத் துடைத்தபடி கேட்டார். குரலில் சந்தேகத்தின் நிழல்கூட இல்லை.

“ஆமா மாமா!” என்று கத்தினான் மாப்பிள்ளை, இரண்டு உள்ளங்கைகளாலும் ஓட்டையை அமுக்கிக்கொண்டு. தண்ணீர் விரலிடுக்குகளில் விசிறியடித்தது. ஆபீஸாக இருந்தால் கம்ப்யூட்டரை அணைத்துவிட்டுக் காபி குடிக்கப் போயிருப்பான். இங்கே எதை அணைப்பது?

சட்டென்று தண்ணீர் நின்றது. மாமியார் பின்வாசலிலிருந்து வந்தார்.

“அங்கே ஏதோ ஒரு வால்வு இருந்தது, திருகிப் பார்த்தேன். எனக்கென்ன தெரியும்.”

பாவம், குருட்டு அதிர்ஷ்டம் என்று நினைத்துக்கொண்டான்.

கழற்றிய தலையைக் கவிழ்த்தான். தேய்ந்துபோன ரப்பர் வாஷர் ஒன்று விழுந்து, உருண்டு, பாத்திரம் கழுவும் தொட்டியின் ஓட்டைக்குள் போனது. அதைப் பிடிக்கத் தொட்டிக்கு அடியில் படுத்து, வளைந்த குழாயைப் பிடித்து ஓர் இழுப்பு இழுத்தான். வாஷர் வரவில்லை. நாலு நாள் கழிவுநீர் மட்டும் மடியில் வந்து விழுந்தது.

“கீழ் லைனையும் பார்க்கறார்” என்று மாமனார் ஜன்னல் வழியே தெருவுக்கு அறிவித்தார்.

ஈரக் கால்சட்டையோடு தெருக்கோடி ஹார்டுவேர் கடைக்கு ஓடினான்.

“ஒரு வாஷர் குடுங்க.”

“என்ன சைஸ்?”

“நடுத்தரமா.”

கடைக்காரர் அவனை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். “எந்த வீடு?”

சொன்னான்.

“அந்த வீட்டுக்கா? நீங்களா வாங்கறீங்க?” என்று ஆச்சரியப்பட்டவர், மேற்கொண்டு எதுவும் கேட்காமல் ஒரு வாஷரை எடுத்துக் காகிதத்தில் மடித்துக் கொடுத்தார்.

திரும்பி வந்தபோது கீழே வளைந்த குழாய் பழையபடி பொருத்தப்பட்டிருந்தது. தரை பளிச்சென்று இருந்தது. மாமியார் கைகளைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“சும்மா தள்ளி வெச்சேன், அதுவா உட்கார்ந்துடுச்சு” என்றார்.

மாப்பிள்ளை மூச்சைப் பிடித்துக்கொண்டு புது வாஷரை வைத்தான். “திருப்பி வெச்சா எப்படி இருக்கும்?” என்று காதருகில் ஒரு குரல். திருப்பி வைத்தான். இறுக்கினான். “போதுமோ என்னவோ” என்றது குரல். நிறுத்தினான். மாமியார் போய் வால்வைத் திறந்தார்.

குழாய் மூச்சுவிடவில்லை. ஒரு நிமிஷம். ஐந்து நிமிஷம். வாளி காய்ந்து கிடந்தது.

மாமனார் ஓடிப்போய் எதிர்வீட்டு ஹெட்மாஸ்டரைக் கையோடு இழுத்து வந்தார். அவர் குனிந்து பார்த்தார், நிமிர்ந்து பார்த்தார், குழாய்க்கு அடியில் விரலை நீட்டிக் காத்திருந்தார். விரல் நனையவில்லை.

“ம்... நின்னுடுச்சு” என்றார் மனமில்லாமல்.

“பைப்லைன்னா சும்மாவா!” மாமனாருக்குக் கண் கலங்கிவிட்டது. ஈரத் தலையோடு மாப்பிள்ளையின் தோளைத் தட்டிக்கொண்டே இருந்தார். அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்ததும் மாப்பிள்ளை நெஞ்சை நிமிர்த்திக்கொண்டான். எத்தனை புரோமோஷன் வந்தாலும் இப்படி ஒரு பெருமை வருமா?

“லீக்கைப் பொறுத்தவரைக்கும் சார், பதறக்கூடாது” என்று ஹெட்மாஸ்டருக்குப் பாடம் எடுக்கத் தொடங்கினான். “மூல காரணம் எங்கேன்னு முதல்ல பார்க்கணும்.”

மாமியார் தலையைக் குனிந்து ஸ்பேனர்களுக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தார். மனைவியின் தோள்கள் குலுங்கின. ஆனந்தக் கண்ணீர் போலும்.

அப்போது பின்வீட்டு அம்மா வாசலில் வந்து நின்றாள்.

“அக்கா இருக்காங்களா? எங்க வீட்டுப் பாத்ரூம் குழாய் மறுபடி ஒழுகுது.”

மாப்பிள்ளை ஸ்பேனரைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்தான். “வாங்க, நானே வந்து பார்க்கறேன்.”

“அக்கா வந்தாலே போதும் தம்பி, தெருவுல எல்லாக் குழாயும் அவங்க பார்க்கறதுதானே” என்றாள் அவள். “போன மாசம் எங்க வீட்டுல கழட்டின தேஞ்ச வாஷரைக்கூட, ‘மாப்பிள்ளை வர்றப்போ அவருக்குச் சுலபமா ஒரு ரிப்பேர் வேணும்’னு எடுத்துட்டு வந்து, நல்லா இருந்த இந்தக் குழாயில அவங்கதானே போட்டாங்க!”