தரையில் கால் படாதவர்

எங்களுக்கு இழைக்கப்பட்ட அநீதிகளை முதலில் வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். வரிசை மாறினால் எவனாவது நம் அநீதியைத் தன்னுடையது என்று சொந்தம் கொண்டாடிவிடுவான்.

முதல் அநீதி: திருநீர்மலைக்குப் போகும் வழியில் எங்கள் மாடுகள் மேய்ந்த நிலத்தைப் பல்கலைக்கழகம் கட்ட எடுத்துக்கொண்டார்கள். இரண்டாவது: கட்டிய பல்கலைக்கழகத்தில் எங்கள் பிள்ளைகளுக்கு இடம் இல்லை. மாடுகளுக்கு மட்டும் கொஞ்ச காலம் இருந்தது. பிறகு வேலி போட்டார்கள். மூன்றாவது: வேலியை எதிர்த்து நான் எழுதிய துண்டறிக்கையில் அச்சகத்தான் என் பெயரைப் பொடி எழுத்தில் போட்டான். நான்காவது அநீதி, அந்தப் பல்கலைக்கழகத்தின் பட்டறை.

பட்டறை என்று சொன்னால் கோபித்துக்கொள்வார்கள். 'மாதிரிப் பொருள் உருவாக்க மையம்' என்று கருங்கல்லில் வெட்டியிருந்தது. அதன் கீழே, 'பொதுமக்கள் தமக்கு வேண்டியதைத் தாமே உள்ளே வந்து செய்துகொள்ளலாம்.' அது தொண்ணூறுகளின் தொடக்கம். கணிப்பொறி என்ற சொல்லைச் சொல்லாமல் எவனும் மேடையை விட்டு இறங்காத காலம். உள்ளே, கணிப்பொறியால் ஓடும், பல்சக்கரம் வெட்டும் இயந்திரம் ஒன்று ஏர்கண்டிஷன் குளிரில் தனியாக நின்றது. வெயில் எங்களுக்கு.

ராஜகீழ்ப்பாக்கம் சந்திப்பில் எஸ்.டி.டி. தொலைபேசி பூத் நடத்தும் ஜெயக்கொடிக்கு இரண்டு கால்களும் போலியோவில் போனவை. கையால் சுற்றி ஓட்டும் மூன்று சக்கர வண்டிதான் அவளுக்குக் கால். அது வெளிநாட்டு நன்கொடை. அதன் பல்சக்கரம் உடைந்துபோயிற்று. குரோம்பேட்டை லேத்துக்காரர்கள் பார்த்துவிட்டு, "இந்தப் பல்லு நம்மகிட்ட வராதுக்கா" என்று கைவிரித்தார்கள். பூத் பூட்டியே கிடந்தால் ஒதுக்கீடு ரத்தாகிவிடும். அவளுக்குச் சோறு போடுவது அந்த பூத் ஒன்றுதான்.

உரிமை மீட்புக் குழுவின் தலைவனாகிய நானும் செயலாளர் சவுரிமுத்துவும் அவளை வண்டியோடு மையத்துக்குத் தள்ளிக்கொண்டு போனோம். இயக்குநர் தோத்தாத்ரி வாசலுக்கு வெளியே, வேப்பமரத்தடியில் மேசை போட்டு உட்கார்ந்திருந்தார். வாசலின் இடப்பக்கம் ஒரு பலகை: 'காலணியுடன் உள்ளே வரக் கூடாது.' வலப்பக்கம் இன்னொன்று: 'காலணி இல்லாமல் உள்ளே வரக் கூடாது.'

"இன்னா சார் இது? கழட்டவா, மாட்டவா?" என்றான் சவுரிமுத்து.

"ரெண்டும்தான். தூசி பட்டா கம்ப்யூட்டர் போயிடும், அது கம்ப்யூட்டர் கமிட்டி. இரும்புத்தூள் குத்தினா கால் போயிடும், அது சேஃப்டி கமிட்டி. ரெண்டுக்கும் நான்தான் சேர்மன்."

"ஒண்ணை எடுத்துடுங்களேன்."

"எடுத்தா, இன்னொரு கமிட்டி சேர்மன் என்னைச் சும்மா விடுவாரா?"

"அப்ப இதுவரிக்கும் யார்தான் உள்ள போனது?"

"நோபடி. அதான் மெஷின் இன்னும் ரிப்பேரே ஆகலை" என்றார் பெருமையோடு.

போராட்டம் வெடித்தது. ஆனால் கோரிக்கையை எழுத உட்கார்ந்தபோது குழு இரண்டாகப் பிளந்தது. செருப்பு அணிவது உழைப்பவனின் உரிமை என்றேன் நான். வெறுங்கால்தான் உழைப்பவனின் அடையாளம் என்று சவுரிமுத்து தனிப் பந்தல் போட்டான். இரண்டு பந்தல்களுக்கும் நடுவில் ஜெயக்கொடியின் வண்டி நின்றது.

"அண்ணா, என்னைக் கடை வரிக்கும் தள்ளி வுட்ருங்க. கடையைப் பார்த்துக்கறேன், நீங்க போராடுங்க" என்றாள்.

"நீ போய்விட்டால் நாங்கள் யாருக்காகப் போராடுவது?"

"சரிண்ணா, எனுக்காக யாரு தள்றது?"

யாரும் இல்லை. தள்ளத் தெரிந்த அத்தனை பேரும் உண்ணாவிரதத்தில் இருந்தோம்.

கடைசியில் இரண்டு கமிட்டிகளும் கூடி, அதாவது தோத்தாத்ரி தனியாக யோசித்து, ஒரு முடிவுக்கு வந்தார். இரண்டு பலகைகளும் நடப்பவர்களைப் பற்றியவை. தரையில் கால் படாதவரை இரண்டும் கட்டுப்படுத்தா. ஆகவே இந்த வட்டாரத்திலேயே உள்ளே நுழையத் தகுதி பெற்ற ஒரே நபர் ஜெயக்கொடி. நாங்கள் பட்டாசு வெடித்தோம். இரண்டு அணிகளும் தத்தம் வெற்றி என்று சுவரொட்டி ஒட்டின.

சவுரிமுத்து வண்டியைத் தள்ளப் போனான். தோத்தாத்ரி கையை உயர்த்தினார். "தள்றவருக்குக் கால் தரையில படுதே?"

"வாசல்ல நின்னு ஒரே தள்ளு, தானா உருண்டு போவும் சார்."

"தள்ளிவிடப்படுபவர் சரக்காகக் கருதப்படுவார். சரக்குக்குப் பின்வாசல். அது இன்னும் கட்டலை."

"நான் தவழ்ந்துகினு போறேன்" என்றாள் ஜெயக்கொடி.

"தரையில் படும் எந்த உறுப்பும் காலாகக் கருதப்படும். கையும்தான்."

"அப்ப வண்டியை நானே சுத்திகினு போவணும்."

"எக்ஸாக்ட்லி!"

"சுத்தறதுக்குப் பல்சக்கரம் வோணுமே சார்."

"உள்ளே போய்ச் செஞ்சுக்கோம்மா. அதுக்குத்தானே மையமே!"

ஜெயக்கொடி நிரந்தரப் பயனாளராக அறிவிக்கப்பட்டாள். தினமும் காலையில் வாசலில் அவள் பெயரை உரக்கப் படிக்க வேண்டும்; அதை இரண்டு சாட்சிகள் காதால் கேட்க வேண்டும். சாட்சிகள் மக்கள் தரப்பிலிருந்தே வர வேண்டும் என்று மீண்டும் போராடி வென்றோம். அணிக்கு ஒருவர்: நான், சவுரிமுத்து. எங்களுக்குக் கைவைத்த நாற்காலி. ஒரே நிபந்தனை, சாட்சி வாய் திறக்கக் கூடாது. திறந்தால் பதவி போய்விடும்.

முதல் நாள் தோத்தாத்ரி பெயரைப் படித்தார். "இங்கதான் சார் கீறேன்!" என்று ஜெயக்கொடி வேப்பமரத்தடியிலிருந்து கத்தினாள்.

"குரல் வெளியேயிருந்து வருது. உள்ளே பதில் இல்லை" என்று 'வரவில்லை' எழுதினார்.

அந்த வாரமே பூத் ரத்தானது. பூட்டிக் கிடந்தது ஒரு காரணம். வேறோர் இடத்தில் அவள் நிரந்தரப் பயனாளராக இருப்பது இன்னொரு காரணம். பிறகு தோத்தாத்ரி ஓர் எச்சரிக்கை விடுத்தார்: இன்னும் ஒரு முறை வராவிட்டால் பயனாளர் தகுதியும் நீக்கப்படும்.

மறுநாள் காலை ஜெயக்கொடி கத்தவில்லை. இயக்குநரையும் பார்க்கவில்லை. எங்கள் நாற்காலிகளைப் பார்த்துத் தணிந்த குரலில் சொன்னாள்: "நீங்க ரெண்டு பேரும் சொன்னா போதும்ண்ணா. நான் வந்துகீறேன்னு."

சவுரிமுத்து என்னைப் பார்த்தான். நான் நாற்காலிக் கையைப் பார்த்தேன். தோத்தாத்ரி தொண்டையைச் செருமி, சாட்சிகளாகிய எங்களுக்கு நன்றாகக் கேட்கும்படி படித்தார்:

"ஜெயக்கொடி!"